சிநேகிதனுக்காகத் துக்கங்கொண்டாடுதல்

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில், அப்போஸ்தலர் நடபடிகள் 8:2-இல் ஒரு சொல் வருகிறது. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற பிறகு தேவபக்தியுள்ள மனுஷர் அவனை எடுத்து அடக்கம்பண்ணி, அவனுக்காக "மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்று எழுதியிருக்கிறது. கொண்டாட்டம் என்றால் இன்று நமக்கு மகிழ்ச்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் உறவு கொண்டாடுவது, உரிமை கொண்டாடுவது என்று இப்போதும் சொல்கிறோம். இது என்னுடையது என்று ஏற்றுக்கொண்டு அதற்குரியதைச் செய்வதுதான் அந்தக் கொண்டாடுதல். துக்கங்கொண்டாடுவதும் அப்படித்தான்: இந்த இழப்பு என்னுடையது என்று வெளிப்படையாக ஏற்று நிற்பது.

யாருக்காக அழுதார்கள் என்று பாருங்கள். நியாயசங்கத்தில் ஸ்தேவானின் முகம் தேவதூதன் முகம்போல் இருந்தது. வானங்கள் திறந்திருக்கிறதைக் காண்கிறேன் என்று சொன்னவன் அவன். அவன் எங்கே போனான் என்பதில், இதை எழுதிய லூக்கா வாசகருக்குத் துளி சந்தேகமும் வைக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கும் அழுகை இருந்தது, அதுவும் மிகவும்.

விசுவாசத்தில் உறுதியாக வாழ்ந்த நண்பர் ஒருவர் மரிக்கும்போது நம்மிடமிருந்து முதலில் பறிபோவது இந்த உரிமைதான். சபையில் ஒரு குரல், "கர்த்தரிடம்தானே போயிருக்கிறார், ஏன் இவ்வளவு அழுகை?" என்கிறது. வெளியில் இன்னொரு குரல், "நண்பர்தானே, சொந்தக்காரர் இல்லையே" என்கிறது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் துக்க விடுப்பு கிடைக்கும்; நண்பருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அடக்க ஆராதனையில் நண்பருக்கென்று ஓர் இடம் இல்லை. உங்களிடம் வந்து கைபிடித்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. சமூகம் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்துக்கு 1989-இல் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா ஒரு பெயர் கொடுத்து விரிவாக எழுதினார். நண்பரை இழந்தவர்கள் அந்த வகைக்குள் வருகிறார்கள். யாரும் அங்கீகரிக்காததால் துக்கம் சிறுத்துவிடாது. தூக்கமின்மையாகவும் எரிச்சலாகவும், ஆராதனைக்குப் போகப் பிடிக்காத மனதாகவும் வேறு வழிகளில் வெளியே வரும்.

யோவான் 11-ஐ இந்த நேரத்தில் மெதுவாக வாசிக்க வேண்டும். லாசருவை இயேசு "நம்முடைய சிநேகிதன்" என்கிறார். அவனை எழுப்பப் போகிறேன் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுகிறார். அவர் வந்தபோது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நாலு நாள் ஆகியிருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் அவன் வெளியே வந்து நிற்பான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் 35-ஆம் வசனம் சொல்கிறது: "இயேசு கண்ணீர் விட்டார்." உயிர்த்தெழுதல் அவ்வளவு அருகில் இருக்கும்போதே சிநேகிதனுக்காக அழ இடம் இருந்தது. அது எப்போது என்று தெரியாமல் காத்திருக்கிற நமக்கு எவ்வளவு இடம் இருக்க வேண்டும்!

அழுகையை அடக்கச் சொல்கிறவர்கள் வழக்கமாக எடுப்பது 1 தெசலோனிக்கேயர் 4:13. அந்த வசனத்தின் கனம் முழுவதும் "போல" என்ற சொல்லில் இருக்கிறது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதுகிறார். துக்கமே கூடாது என்பது அவர் கருத்தானால், ஐந்து வசனம் தள்ளி "ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடித்திருக்க மாட்டார். துக்கப்படாதவரைத் தேற்ற வேண்டிய தேவை என்ன? தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டு மீண்டதைப் பற்றி பிலிப்பியருக்கு எழுதும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு உண்டாகாதபடிக்குத் தேவன் இரங்கினார் என்கிறார். அந்த நண்பர் இறந்திருந்தால் பவுல் உடைந்துபோயிருப்பார். அதை அவர் ஒளிக்கவில்லை.

முதல் நாட்களில் செய்ய வேண்டியவை சில உண்டு. நண்பர் என்ற இடத்திலிருந்து மட்டுமே செய்யக்கூடியவை இவை. குடும்பத்துக்குத் தெரியாத வட்டங்கள் உங்களுக்குத் தெரியும்: ஜெபக்குழு, பழைய அலுவலகம், கல்லூரி நாட்களின் தோழர்கள், அவர் ரகசியமாக உதவி வந்த ஆட்கள். ஒரு தாளில் பெயர், தொலைபேசி எண், யார் சொல்வது, சொல்லியாயிற்றா என்று நான்கு பத்தி போட்டுக்கொண்டு அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். குடும்பம் தானே அறிவிக்கும்வரை சமூக ஊடகத்தில் ஒரு வரிகூடப் போடக் கூடாது. தூரத்தில் இருக்கும் உடன்பிறந்தவர் தன் சகோதரரின் மரணத்தை ஒரு ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்தக் காயம் ஆறுவதற்கு வெகுகாலம் ஆகும்.

அடக்கத்துக்கு எப்படியாவது போங்கள். முகத்தைப் பார்க்காமல், குழியருகே நிற்காமல் இருந்துவிட்டவர்களுக்கு, அவர் எங்கோ வெளியூர் போயிருக்கிறார் என்பதுபோன்ற மயக்கம் நெடுநாள் நீடிப்பதுண்டு. போகவே முடியாதென்றால் ஆராதனை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, வாசிக்கப்போகும் வேதபகுதிகளையும் பாடல்களையும் போதகரிடம் வாங்கி, அதே நேரத்தில் நீங்கள் இருக்குமிடத்தில் வாசியுங்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது. வேலைக்கு விடுப்புக் கேட்கும்போது "சொந்த வேலை" என்று எழுதாமல் "என் நெருங்கிய நண்பர் இறந்துவிட்டார்" என்றே எழுதுங்கள். துக்கங்கொண்டாடுவது அந்த ஒரு வரியிலேயே தொடங்கிவிடுகிறது.

குடும்பத்துக்குக் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். முதல் வரியிலேயே இறந்தவரின் பெயர் இருக்கட்டும். பெயரைச் சொல்லப் பலர் தயங்குவார்கள், ஆனால் குடும்பம் கேட்க ஏங்குவது அந்தப் பெயரைத்தான். அடுத்து, அவர்களுக்குத் தெரியாத ஒரு சம்பவம்: எப்போது, எங்கே, அவர் என்ன சொன்னார், என்ன செய்தார். "மிகவும் நல்லவர்" என்பதை எல்லோரும் எழுதுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்காக அவர் கால்மணி நேரம் நின்று ஜெபித்தார் என்பதை நீங்கள் மட்டுமே எழுத முடியும். பிறகு உங்கள் இழப்பைப் பற்றி ஒரே வாக்கியம். கடைசியில் நாள் குறிப்பிட்டு ஓர் உதவி: வரும் சனிக்கிழமை காலை வந்து வங்கிக் காகிதங்களை உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன் என்பதுபோல. "ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்" என்று எழுதினால், என்ன வேண்டும் என்று யோசிக்கும் சுமையும் கூப்பிடும் கூச்சமும் அவர்கள் தலையில் விழுகின்றன. பெரும்பாலும் கூப்பிடவே மாட்டார்கள்.

தேற்றுவதாக நினைத்துச் சொல்லும் சில வாக்கியங்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். "தேவனுக்கு அவர் தேவைப்பட்டார், எடுத்துக்கொண்டார்" என்பது அவற்றில் ஒன்று. தமக்கு யாதொன்றும் தேவையானதுபோல மனுஷர் கைகளால் பணிவிடை கொள்ளுகிறவரல்ல தேவன் என்று பவுல் அத்தேனே பட்டணத்தில் பிரசங்கித்தார். அப்பாவை இழந்த பிள்ளையிடம் போய் தேவனுக்கு உன் அப்பா தேவைப்பட்டார் என்று சொன்னால், அந்தப் பிள்ளை தேவனைத் திருடனாகத்தான் பார்க்கும். "இப்போது தேவதூதராகிவிட்டார்" என்பதும் வேதம் சொல்லாதது. கிறிஸ்தவ நம்பிக்கை சரீரத்தின் உயிர்த்தெழுதல். அவர் அவராகவே எழுந்திருப்பார். மரணத்தை நல்ல நண்பனைப்போலப் பேசுவதும் வேண்டாம். 1 கொரிந்தியர் 15:26 அதை "கடைசிச் சத்துரு" என்கிறது. யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்களே, அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது அதுதான். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது.

நினைவுரை ஆற்ற உங்களைக் கேட்டால் சம்மதியுங்கள், ஆனால் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். துக்கத்தில் குரல் தடுமாறும், இடையில் நிற்க வேண்டி வரும், ஆகவே வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்க்கும்போது நான்கு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்து, பக்க எண் போடுங்கள். கண்ணீரினூடே கைபேசித் திரையில் படிப்பது கடினம். இன்னொரு பிரதியை முன் வரிசையில் உட்காரும் ஒருவரிடம் கொடுத்து, "என்னால் முடியாவிட்டால் நீங்கள் வந்து முடித்துவிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். அவர் எழுந்து வர வேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படாது. அவர் இருக்கிறார் என்ற தைரியமே போதும்.

உள்ளடக்கத்தில் வழக்கமாக நேரும் பிழை, நண்பரைக் குறையற்ற பரிசுத்தவானாக்கிவிடுவது. கேட்கிறவர்களுக்கு அது அவரல்ல என்று தெரியும்; தங்கள் நினைவில் இருக்கும் மனிதரை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோல் இருக்கும். நான்காம் நூற்றாண்டில் நசியான்சு கிரெகோரி என்ற சபைத் தலைவர் தன் நண்பர், பேராயர் பசிலியாருக்காக ஆற்றிய நினைவுரை இங்கே நல்ல பாடம். கிரெகோரியால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் உரையாற்றினார், தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். பசிலியார் தன்னை விருப்பத்துக்கு மாறாக சசிமா என்ற சிற்றூருக்குப் பேராயராக்கியதையும், அந்த வலி காலத்தால் ஆறவில்லை என்பதையும் அந்தப் புகழுரைக்குள்ளேயே சொல்கிறார். அன்பு அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. இது நிஜ நட்பு என்ற உறுதிதான் கூடுகிறது. நீங்கள் மனக்குறையைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்பதில்லை. நண்பரின் பிடிவாதம், நேரத்துக்கு வராத பழக்கம், பாட்டுக்கு ஒத்துவராத குரல் என்று அன்போடு ஒன்றைத் தொட்டால் போதும். கூட்டம் தலையசைக்கும், சிலர் அழுகைக்கு நடுவே சிரிப்பார்கள்.

அடக்கம் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் உண்மையான கனம் இறங்கும். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். ஜெபிக்க உட்கார்ந்தால் சொல் வராது. அப்போது கைகொடுப்பவை புலம்பல் சங்கீதங்கள். 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. இந்த அமைப்பிலேயே உங்கள் புலம்பலை ஒரு தாளில் எழுதுங்கள். கர்த்தரை நேரடியாகக் கூப்பிடுங்கள். மூன்றாம் மனிதரைப்போல "தேவன் ஏன் இப்படிச் செய்தார்" என்று எழுதாமல் "நீர் ஏன் இப்படிச் செய்தீர்" என்று எழுதுங்கள். இந்த மாற்றம் சிறியதாகத் தெரியும். முறுமுறுப்பு ஜெபமாகிற இடம் இதுதான். எதை இழந்தீர்கள் என்பதைத் துல்லியமாக எழுதுங்கள்: எந்தக் கேள்வியை இனி யாரிடம் கேட்பது, யார் என்னைக் கண்டித்துத் திருத்துவார். பிறகு உங்களுக்கு இப்போது என்ன வேண்டுமோ அதைக் கேளுங்கள். நம்பிக்கை வரி வரவில்லையென்றால் வராமலே நிறுத்திவிடலாம். 88-ஆம் சங்கீதம் அப்படித்தான் இருளில் முடிகிறது. அதில் ஏறக்குறைய கடைசி முறையீடு, சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்பதுதான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

தாவீது யோனத்தானுக்காகப் பாடிய புலம்பலில் "உனக்காக நான் வியாகுலப்படுகிறேன்" என்று பெயர் சொல்லி அழுகிறான். அந்தப் பாட்டை யூதா புத்திரருக்குக் கற்றுக்கொடுக்கவும் கட்டளையிட்டான். தன் நண்பனின் இழப்பை ஒரு ஜனமே மனப்பாடமாகச் சொல்லும்படி செய்தவன் தாவீது.

கேட்கப்படாத ஜெபத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். விசுவாசமுள்ள நண்பரின் மரணத்தில் அதிகம் சீழ்பிடிக்கும் இடம் இது. உபவாசம் இருந்தோம், எண்ணெய் பூசினோம், வாக்குத்தத்தங்களைப் பிடித்துக்கொண்டு கேட்டோம், அவர் போய்விட்டார். உடனே ஒரு கணக்கு ஓடும்: விசுவாசம் போதவில்லை, யாரிடமோ பாவம் இருந்தது, இன்னும் ஒருநாள் ஜெபித்திருக்க வேண்டும். நடபடிகள் 12-ஐத் திறந்து பாருங்கள். இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். ஒரே சபை, ஒரே ஏரோது, ஒரே தேவன். யாக்கோபின் விசுவாசம் குறைவு என்று லூக்கா ஓர் எழுத்தும் எழுதவில்லை, காரணமும் சொல்லவில்லை. யோப்பாவில் மரித்த தபீத்தாள் என்ற சீஷி உயிரோடு எழுப்பப்பட்டாள்; ஸ்தேவான் எழுப்பப்படவில்லை. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக எழுதுகிறார். காரணம் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வருகிறவரை, அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், மரியாதையாக அனுப்பிவிடுங்கள். அந்தக் கணக்கை இறந்தவரின் மனைவி காதில் யாராவது போடாதபடி காவல் நிற்பதும் நண்பரின் வேலை.

மனஸ்தாபத்தோடு பிரிந்திருந்தால் வலி இரட்டிப்பு. இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை என்பதை மழுப்ப வேண்டாம். தேவனிடம் அறிக்கையிடுங்கள்; போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள்; வாங்கிய கடனோ பொருளோ இருந்தால் குடும்பத்திடம் திருப்பிக் கொடுங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடமே போய் அந்தச் சண்டையைச் சொல்லி அழுது உங்கள் பாரத்தை இறக்கிவைக்க வேண்டாம்.

ஞாயிறு ஆராதனை கொஞ்ச காலம் கடினமாகவே இருக்கும். அவர் உட்காரும் இடம் கண்ணில் படும், அவருக்குப் பிடித்த பாட்டு வந்தால் தொண்டை அடைக்கும். பாட முடியாவிட்டால் நின்றுகொண்டு கேளுங்கள். அந்த வாரம் சபை உங்களுக்காகப் பாடுகிறது. ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் தேவைப்படும்போது வெளியே போய்வரலாம். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்று வாரந்தோறும் வாயால் சொன்னது, நண்பர் போன பிறகு திருவிருந்தில் நிற்கும்போதுதான் பலருக்குப் பொருள்படுகிறது. தினமும் ஜெபத்தில் சொல்லிப் பழகிய அவர் பெயர் நாவில் வந்துவிடும், அப்போது என்ன செய்வது? கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இறந்தவருக்காக ஜெபிப்பார்கள். கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 அதற்கென்றே ஒதுக்கிய நாள். பெரும்பாலான புரொட்டஸ்டன்ட் சபைகளில் அது வழக்கமில்லை. அங்கே அந்தப் பெயரை நன்றியாக மாற்றலாம், "இவரை எனக்குத் தந்தீரே" என்று. பெயரை விழுங்கிவிட மட்டும் வேண்டாம்.

உடம்பும் துக்கப்படும். பசியின்மை, நெஞ்சில் அழுத்தம், மறதி, விடியற்காலையில் விழிப்பு எல்லாம் முதல் மாதங்களில் சகஜம். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, வரிசையாக ஏறி முடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அதை எழுதியது, தாங்களே சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிய அனுபவத்திலிருந்து. அடக்கத்துக்குப் பின் வாழ்கிறவர்களுக்குப் போட்ட கால அட்டவணை அல்ல. அதே நேரம், ஓராண்டு கடந்தும் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அதே தீவிரத்தில் ஏக்கம் ஆட்டிப்படைத்து, வேலையும் குடும்பமும் நடக்காத நிலை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்க் கையேட்டில் இதைத் தனி நோயாகச் சேர்த்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சையும் உண்டு.

விசுவாசிகளிடம் ஓர் ஆபத்து எளிதில் மறைந்துகொள்ளும். "எனக்கும் அவரோடு பரலோகத்துக்குப் போய்விட வேண்டும்போல் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது பக்தியாகவே கேட்கும். உண்மையில் பக்தியாகவும் இருக்கலாம். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைப் புதிதாக விதைத்துவிடாது. ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்தும் வைத்திருந்தால், அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வேதவசனம் சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் நேரம் அது அல்ல.

சில பொருட்களை முதல் மாதத்துக்குள் பாதுகாத்துவிடுங்கள். கைபேசியில் அவர் அனுப்பிய குரல்பதிவுகளை வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். கைபேசி மாற்றும்போது இவை காணாமல் போய்விட்டால் பின்னால் மீட்பது கடினம். இப்போது கேட்கத் தைரியம் இல்லாவிட்டாலும் பத்திரமாக இருக்கட்டும். அவர் எண் நாளை வேறொருவருக்குப் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பி ஆறுதல் தேடுகிறவர்கள் ஒருநாள் அந்நியர் ஒருவரின் பதிலைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள்.

குடும்பத்திடம் ஒன்றே ஒன்று கேட்கலாமென்றால் அவருடைய ஜெபக் குறிப்பேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். விசுவாசமாய் ஜெபித்த ஒருவர் போகும்போது, அவர் தினமும் தாங்கிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பெயர்கள் திடீரென்று தாங்குவாரின்றி நிற்கின்றன. அந்தப் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு, இரண்டு மூன்று நண்பர்களுக்குள் பிரித்து ஜெபிக்கத் தொடங்கலாம். பெயருக்கு எதிரே அவர் எழுதியிருக்கும் அந்தரங்கமான விவரங்கள் உங்களுக்குச் சொல்லப்பட்டவை அல்ல. அவற்றை வாசிக்காமல் விடுங்கள், பரப்பவே கூடாது. தபீத்தாள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள். உங்கள் நண்பரின் கையில் தையலுக்குப் பதிலாக இருந்தது எது என்று தேடினால் பெரும்பாலும் அந்தக் குறிப்பேட்டில்தான் கிடைக்கும்.

நாட்காட்டியில் மூன்று நாட்களைக் குறித்து வையுங்கள்: அவர் பிறந்தநாள், இறந்த நாள், கிறிஸ்துமஸ். இந்த நாட்களுக்கு ஒரு வாரம் முன்பே குடும்பத்தைத் தொடர்புகொள்ளுங்கள். அந்த நாளைவிட அதை நோக்கிப் போகும் வாரம் கனமானது. முதல் வருடம் பலர் பேசுவார்கள். இரண்டாம் வருடம் ஒருவர் பேசினாலே அபூர்வம், அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

பிள்ளைகள் இருந்தால் இது வருடக்கணக்கில் நீளும் வேலை. யோனத்தான் இறந்த செய்தி வந்த நாளில் அவன் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. யோனத்தானின் தகப்பன் சவுலின் வீட்டாரில் யாராவது மீதியாயிருக்கிறார்களா, யோனத்தான் நிமித்தம் அவனுக்குத் தயைசெய்ய வேண்டும் என்று தாவீது கேட்கும்போது, அந்தப் பையனுக்கே ஒரு மகன் இருந்தான். அத்தனை ஆண்டுகள் போயிருந்தன. இவ்வளவு காலம் விசாரிக்காமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்று தாவீது கூசியதாக எழுதியிருக்கவில்லை. ஆளனுப்பி விசாரித்தான், பையன் லோதேபாரில் இருக்கிறான் என்று தெரிந்ததும் அழைப்பித்து, தன் பந்தியில் நித்தம் உட்காரவைத்தான்.